தூங்கிப்போகும் சுரப்பி: ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் என்ன ஆகும்?

என் அத்தைக்கு முகம் உருண்டு கன்னம் பளபளப்பானபோது தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். "இப்பதான் அக்காவுக்கு உடம்பு தேறியிருக்கு" என்றார்கள். அதற்குமுன் அவருடைய கைவிரல் மூட்டுகள் எல்லாம் வீங்கிக் கிடந்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. பூக்கட்டுவதுதான் அவர் தொழில். மருந்துக்கடையில் மூட்டுவலிக்கென்று கொடுத்த செட் மாத்திரையைப் போட்ட மூன்றாம் நாளே விரல் இலகுவாகிவிட்டது. பிறகென்ன, பத்து மாதம் அதே செட்டை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தப் பத்து மாதத்தில் சுகர் வந்தது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. கை எங்காவது லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியது. வயதாகிறது என்றே எல்லோரும் நினைத்தோம். கடைசியில் மூட்டுவாத மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் அத்தையின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "அந்த செட்டுல சின்னதா வெள்ளையா ஒரு மாத்திரை இருக்குமே, அதை ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்கம்மா?"

அந்தச் சின்ன மாத்திரை டெக்சாமெத்தசோன். அதாவது ஸ்டீராய்டு. காலையில் இரண்டு, இரவில் இரண்டு போட்டுவந்தார்.

ஸ்டீராய்டு என்றால் விஷம் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. அது உயிரைக் காப்பாற்றும் மருந்து. கடுமையான ஆஸ்துமா, அத்தைக்கு வந்ததுபோல மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், குழந்தைகளுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ராட்டிக் நோய், உறுப்பு மாற்று சிகிச்சை என்று அது இல்லாமல் தள்ள முடியாத இடங்கள் நிறைய. என் கவலை இரண்டு பேரைப் பற்றி. தான் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்றே தெரியாமல் சாப்பிடுகிறவர் ஒருவர். தெரிந்ததும் பயந்துபோய் அன்றே நிறுத்திவிடுகிறவர் இன்னொருவர். இரண்டாமவர் முதலாமவரைவிட வேகமாக ஆபத்தில் மாட்டிக்கொள்ளலாம். அது ஏன் என்று புரிய, நம் உடம்புக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பே தயாரிக்கும் மருந்து

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜிம்மில் தசையை ஏற்றப் போடும் ஊசியும் ஸ்டீராய்டுதான், ஆனால் அது ஆண் ஹார்மோன் வகை. நாம் பேசுவது அதுவல்ல. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்லசகார்ட் போன்றவைதான் மருத்துவர்கள் நோய்க்கு எழுதித்தரும் ஸ்டீராய்டுகள். உங்கள் மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெரிய எழுத்துப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் ஒரு சின்னத் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அட்ரினல் சுரப்பி. அது தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. விடியற்காலையில் அதிகமாக, நள்ளிரவில் மிகக் குறைவாக. ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்வது, சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது, காய்ச்சலோ விபத்தோ வந்தால் உடம்பைத் தாங்க வைப்பது, வீக்கம் எல்லை மீறாமல் அடக்குவது எல்லாம் அதன் வேலை. இந்த ஹார்மோன் இல்லாமல் மனிதன் உயிர்வாழ முடியாது.

இதை மருந்தாக்கலாம் என்று தெரிந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள்காமாலை வந்தாலோ, பெண்கள் கர்ப்பமானாலோ மூட்டுவலி தானாகக் குறைவதைக் கவனித்தார். உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்று பல ஆண்டுகள் தேடினார். அதே இடத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்த ஒரு பொருளை, 1948 செப்டம்பரில், நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்குப் போய் வந்தார். அந்தப் பொருள்தான் கார்டிசோன். 1950-ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு முகம் உப்புவதும், மனம் கலங்குவதும், நிறுத்தினால் வலி முழுசாகத் திரும்பி வருவதும் சீக்கிரமே தெரிந்துபோயின. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். நோயின் வேரை அது பிடுங்குவதில்லை. அத்தையின் விரல் மூன்றாம் நாளே இலகுவானதற்கும், மாத்திரை தீர்ந்துபோன நாளெல்லாம் மறுபடி மடங்காமல் நின்றதற்கும் காரணம் இதுதான்.

எவ்வளவு என்பது முக்கியம்

உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலைக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதே 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனின் வேலையை டெக்சாமெத்தசோன் வெறும் 0.75 மில்லிகிராமில் செய்துவிடும். "அரை மில்லிகிராம்தானே, சின்ன மாத்திரைதானே" என்று நினைப்பதில் உள்ள தவறு இங்கேதான். அத்தை போட்ட நான்கு மாத்திரையும் சேர்ந்து 2 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன். அது 13 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். உடம்புக்கு இயல்பாகத் தேவைப்படுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், பத்து மாதம்.

நான்கைந்து நாள், ஒரு வாரம் என்று மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். அப்போதும் சுகர் ஏறலாம், தூக்கம் கெடலாம், ஆனால் பெரும்பாலும் மருந்து முடிந்ததும் சரியாகிவிடும். மூன்று நான்கு வாரத்தைத் தாண்டித் தினமும் போகும்போதுதான் கதை மாறுகிறது. அளவு கூடக்கூட, மாதங்கள் நீள நீள, விளைவுகளும் கூடும்.

வெளியே தெரிவதும் தெரியாததும்

முகம் வட்டமாவது, கழுத்துக்குப் பின்னால் கொழுப்புத் திரள்வது, வயிறு பெருத்துக் கைகால் மெலிவது ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. நம் ஊரில் இதைத்தான் உடம்பு தேறிவிட்டது என்று தப்பாகப் படிக்கிறோம். பசியும் அதிகமாகும், அதனால் வீட்டில் உள்ளவர்களுக்கு இன்னும் நிம்மதி. ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கு உடம்பு போட என்று இதே மாத்திரையைக் கொடுக்கிறவர்களும் உண்டு. அது சதை இல்லை. கொழுப்பு இடம் மாறுகிறது, நீர் தங்குகிறது, அதே நேரத்தில் தசை கரைகிறது. அத்தை தரையிலிருந்து எழ முடியாமல் போனது இதனால்தான். தொடையிலும் தோளிலும் உள்ள பெரிய தசைகள்தான் முதலில் பலவீனமாகும். படி ஏறுவதும், கையைத் தூக்கித் தலை வாருவதும் சிரமமாகும்.

சுகர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்குச் சர்க்கரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும்தான் அதிகம் ஏறும். வெறும் வயிற்றில் காலையில் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் எடுத்துவிட்டு "சுகர் இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் பலர். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே சுகர் உள்ளவர்கள் ஸ்டீராய்டு தொடங்கும் அன்றே சுகர் மருத்துவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

எலும்பு சத்தமில்லாமல் போகும். மாத்திரை தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான் எலும்பின் அடர்த்தி மிக வேகமாகக் குறைகிறது. எனவே ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது தவறு. குனிந்து குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பு நசுங்குவதுகூட நடக்கும். சிலருக்கு அப்போது வலியே தெரியாது. உயரம் குறைந்து கூன் விழுந்த பிறகுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு தொடரப்போகிறது என்றால் கால்சியம், வைட்டமின் டி வேண்டுமா, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கலாமா, எலும்பைக் காக்கும் மருந்து தனியாக வேண்டுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள்.

எலும்பிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. தொடை எலும்பின் பந்துபோன்ற தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போவது. இது இளைஞர்களுக்கும் வரும். இடுப்பு வலி என்று சொல்வார்கள், ஆனால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் இருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்குத் தொடை இடுக்கில் விடாத வலி என்றால், மருத்துவரிடம் அந்த மருந்தைச் சாப்பிட்டதை வாய்திறந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வலி மாத்திரையிலேயே ஓடிவிடும்.

கண்ணில் இரண்டு பிரச்சினை: புரையும், கண் நீர் அழுத்தமும். புரையை அறுவை செய்து சரிசெய்யலாம். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. மாத்திரையைவிட இங்கே நான் பயப்படுவது சொட்டு மருந்துக்கு. கண் அரிப்பால் கசக்கிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு ஒருமுறை மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு சொட்டை, அரிப்பு வரும்போதெல்லாம் கடையில் வாங்கி வருடக்கணக்கில் போடுகிறார்கள். குழந்தைக்குப் பார்வை ஓரங்களிலிருந்து குறைவது அதற்கே தெரியாது.

தொற்றுநோய் பற்றியும் விவரமாகச் சொல்ல வேண்டும். வீக்கத்தையும் காய்ச்சலையும் அடக்குகிற அதே குணம், கிருமிக்கும் வசதியாகிவிடுகிறது. நம் நாட்டில் நிறையப் பேர் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதிக அளவில் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு போனால் அது விழித்துக்கொள்ளலாம். அதுவும் பெரிய காய்ச்சல் இல்லாமல், மங்கலான அறிகுறிகளோடு வரும். அம்மை வராதவர்கள், தடுப்பூசியும் போடாதவர்கள், பக்கத்தில் யாருக்காவது சின்னம்மை என்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் போடக்கூடாது.

கொரோனா காலம் இதற்குப் பெரிய சாட்சி. 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தால் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. அந்த இரண்டாவது பாதி நம் ஊரில் காதில் விழவில்லை. 2021-ல் இரண்டாம் அலையின்போது லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களும் வாட்ஸாப்பில் வந்த சீட்டைப் பார்த்து வாங்கிச் சாப்பிட்டார்கள். சுகர் கட்டுக்கடங்காமல் ஏறிய உடம்பில் கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணையும் உயிரையும் பறித்தது. மருந்து ஒன்றுதான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் ஏறலாம். தோல் மெலியும், வயிற்றிலும் தொடையிலும் ஊதாக் கோடுகள் விழும். தூக்கம் கெடும். சிலருக்குக் காரணமில்லாத உற்சாகம், எரிச்சல், அழுகை, அரிதாக மனம் முழுசாகப் பிறழ்வது வரை போகும். "இவர் இப்படி இல்லையே" என்று வீட்டில் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், குணம் கெட்டுவிட்டது என்று சண்டை போடாதீர்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடற்புண் வரும் வாய்ப்பு அதிகம். செட் மாத்திரையில் பெரும்பாலும் இந்த ஜோடிதான் இருக்கும். குழந்தைகளுக்கு வளர்ச்சி குறையும். அதனால்தான் நெஃப்ராட்டிக் நோய் உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறார்கள்.

இன்ஹேலரும் கிரீமும்

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. வீசிங் உள்ளவர்கள் இன்ஹேலர் என்றால் "பழகிவிடும், ஸ்டீராய்டு" என்று ஒதுங்குகிறார்கள். ஆனால் இழுப்பு வரும்போதெல்லாம் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இன்ஹேலரை ஒருமுறை உறிஞ்சினால் வருவது சாதாரணமாக 100, 200 மைக்ரோகிராம். பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் மாத்திரை என்பது 10,000 மைக்ரோகிராம். இரண்டின் வீரியமும் ஒன்றல்ல, அதனால் நேராக வகுத்துப் பார்க்க முடியாது. இருந்தாலும் இன்ஹேலர் மருந்து நுரையீரலில் வேலை செய்கிறது, ரத்தத்தில் சேர்வது குறைவு. மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது. இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும்.

கிரீம் விஷயம் வேறு மாதிரி. படர்தாமரைக்குக் கடையில் கேட்டால் கொடுக்கும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவும். நிறுத்தினால் இன்னும் பெரிதாக வரும். முகம் வெளுக்கவேண்டும் என்று இதே கிரீமை முகத்தில் பூசி, தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரிய, வெயில் பட்டாலே எரிகிற நிலையில் தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் ஏராளம். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கவேண்டிய பட்டியலில் சேர்த்தது. மாத்திரைகளுக்கும் சட்டம் அதுதான். கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதால் அது சாதாரண மருந்து ஆகிவிடாது.

நிறுத்துவது

இப்போது அந்தச் சுரப்பிக்குத் திரும்பலாம். வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வரும்போது மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று அட்ரினலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. வேலை இல்லாத அட்ரினல் மெல்லத் தூங்கிவிடுகிறது. மாதங்கள் போனால் சுருங்கியும் விடுகிறது. இரவில் போடும் மாத்திரை இதை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் விடியற்காலையில் எழவேண்டிய கட்டளையையே அது அழுத்திவிடும். மருத்துவர்கள் காலையில் சாப்பிட்டதும் போடச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1952-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். முடக்குவாதத்துக்காக மாதக்கணக்கில் கார்டிசோன் சாப்பிட்டவர். இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கு முன் மருந்தை நிறுத்தினார்கள். சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தது, எதைக் கொடுத்தும் ஏறவில்லை, இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் அட்ரினல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. அறுவை சிகிச்சை மாதிரியான நெருக்கடியில் உடம்பு கார்டிசாலைப் பல மடங்கு கேட்கும். கொடுக்க உள்ளே ஆள் இல்லை.

அதனால் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர்கள் ஒருபோதும் தானாக நிறுத்தக்கூடாது. கடுமையான சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, எழுந்தால் தலைசுற்றி விழுவது, மயக்கம் எல்லாம் உள்ளே கார்டிசால் வற்றியதன் அடையாளமாக இருக்கலாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போய், இத்தனை மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டேன், இந்தத் தேதியில் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாகச் செய்த கார்டிசால்) ஊசியும் சலைனும் உயிரை மீட்கும். நீண்ட நாள் ஸ்டீராய்டில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரை வாந்தியில் போய்விட்டால் ஊசியாகத் தேவைப்படும். எவ்வளவு கூட்டுவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், எந்த அறுவை சிகிச்சை என்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரிட்டனில் இதற்கென்றே ஒரு அவசர அட்டை கொடுக்கிறார்கள். நம்மிடம் அச்சடித்த அட்டை இல்லாவிட்டால் ஒரு தாளில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி எழுதிப் பர்ஸில் வைத்தாலே போதும். கடந்த ஒரு வருடத்துக்குள் நிறுத்தியவர்களும் வைத்திருக்கலாம், சிலருக்குச் சுரப்பி முழுசாக விழிக்க அவ்வளவு காலம் ஆகிறது.

அத்தைக்கு மருத்துவர் முதலில் செய்தது, டெக்சாமெத்தசோனைப் பிரெட்னிசோலோனாக மாற்றிக் காலையில் ஒரே வேளையாக்கியது. கூடவே முடக்குவாதத்தின் வேரைப் பிடிக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை ஸ்டீராய்டு பாலமாக இருக்கும் என்றார். பிறகு குறைக்கத் தொடங்கினார்: முதலில் இரண்டரை மில்லிகிராம் வீதம், ஐந்துக்கு வந்தபின் மாதத்துக்கு ஒரு மில்லிகிராம். அந்தக் கடைசிக் கட்டம்தான் கஷ்டமாக இருந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி, எதிலும் பிடிப்பில்லை. பழைய செட் மாத்திரை வேண்டும் என்று அத்தை ஒருநாள் அழுதேவிட்டார். சுரப்பி விழித்துக்கொள்ளும்போது இப்படித்தான் இருக்கும், அவசரப்படாமல் இறக்கலாம் என்று மருத்துவர் அந்த மாதம் குறைக்காமல் விட்டார்.

மூன்று மில்லிகிராமில் இருக்கும்போது, அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி தேறிவிட்டது என்று கணக்கு. அத்தைக்கு 6 வந்தது. பாதி விழித்திருக்கிறது, தொடருங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் மருத்துவர். முகத்தின் உப்பல் ஏறக்குறைய வடிந்துவிட்டது. மதியச் சுகர் இறங்கியிருக்கிறது. தரையிலிருந்து எழ இன்னும் ஒரு கையை ஊன்றத்தான் வேண்டியிருக்கிறது, அதற்காகத் தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறார்.